ஹிப்னோதெரபிக்குத் தமிழ்ச் சொல் மனோவசியமா, அறிதுயிலா?

கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்யும் காக்கா ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். எங்கள் கரையில் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு நெடுநாளாக வயிற்றுத் தொல்லை. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. குடலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வலியும் போகவில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர், மருந்தோடு ஹிப்னோதெரபியும், அதாவது மனதை ஒன்றில் குவியவைத்துச் சொல்லால் செய்யும் சிகிச்சையும், செய்து பாருங்களேன் என்றிருக்கிறார். சரி என்று விசாரித்துக்கொண்டு ராமநாதபுரம் வந்தவர், பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, டாக்டரு ஹிப்னோதெரபின்னாரு. இங்க பாத்தா மனோவசிய சிகிச்சைன்னு போட்டிருக்கு. வசியம், சூனியமெல்லாம் நமக்கு ஆகாதுல்ல?"

அவர் வைத்தியத்துக்குப் பயப்படவில்லை. சொல்லுக்குப் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ஹிப்னாஸ் என்றால் தூக்கம். தூக்கத்துக்கான தெய்வத்தின் பெயரும் அதுவே. மரண தெய்வமான தனடோஸின் உடன்பிறப்பு. அந்த வேரைப் பிடித்து இந்த வித்தைக்குப் பெயரை நிலைநிறுத்தியவர் ஜேம்ஸ் பிரெய்டு, மான்செஸ்டரில் தொழில் செய்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். 1841-ல் ஊருக்கு வந்த ஒரு மெஸ்மரிசக்காரரின் காட்சியைச் சந்தேகத்தோடுதான் போய்ப் பார்த்தார். ஏமாற்று என்று நினைத்துப் போனவருக்கு, கண் இமையைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஆள் உறுத்திக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து தானே சோதித்தார். சினிமாவில் ஆடுகிற அந்தச் சங்கிலிக் கடிகாரம் எல்லாம் அவரிடம் இல்லை. கத்தி வைக்கும் பளபளப்பான சிறு பெட்டியைக் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து, வைத்த கண் வாங்காமல் பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான். 1843-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை நரம்புத் தூக்கம் என்ற பொருளில் நியூரோ-ஹிப்னாடிசம் என்று எழுதினார். முன்பாதி உதிர்ந்து ஹிப்னாடிசம் மிஞ்சியது.

அவர் பார்க்கப் போன மெஸ்மரிசத்துக்கு வேறு கதை. ஃப்ரான்ஸ் அன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர், உடம்புக்குள் காந்தம் போன்ற ஒரு பாய்மம் ஓடுகிறது, அதைத் தான் திருப்பிவிட்டுக் குணமாக்குவதாகச் சொன்னார். 1784-ல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அமைத்த குழு, பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேயும் அதில் உண்டு, சோதித்துப் பார்த்து, அப்படி ஒரு பாய்மம் கிடையாது, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை கொடுத்தது. மெஸ்மரின் பெயர் கெட்டது. ஆனால் வெறும் கற்பனை உடம்பை இப்படி ஆட்டுமா என்ற கேள்வியை அன்றைக்கு அதிகம் பேர் நின்று கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் பிற்பாடு மொத்தத் துறையும் ஆனது.

பிரெய்டுக்கே கொஞ்ச காலத்தில் தன் சொல்லின் மேல் குறை வந்துவிட்டது. இவர்கள் தூங்கவில்லை, ஒரே ஒரு நினைப்பில் மனம் குவிந்து நிற்கிறார்கள் என்று கண்டுகொண்டு, 1847-ல் மோனோயிடெயிசம் என்று மாற்றப் பார்த்தார். ஒற்றை நினைப்பு நிலை என்று சொல்லலாம். அதற்குள் பழைய பெயர் ஊரெல்லாம் பரவியிருந்தது. தவறாக வைத்த பெயர்தான் நிலைத்தது.

இப்போது நம் பக்கம். வசியம் என்பது வடமொழி வசம் என்ற சொல்லின் வழி வந்தது: ஒருவர் பிடிக்குள் இன்னொருவர் வருவது. மாந்திரீகத்தில் சொல்லும் எட்டுக் கருமங்களில் வசியமும் ஒன்று. மோகனம், தம்பனம், மாரணம் எல்லாம் அதன் கூடப்பிறப்புகள். மனோவசியம் என்று எழுதியவுடன் இந்தக் கூட்டம் முழுவதும் பின்னாலேயே வந்து நிற்கிறது. கேட்பவர் மனதில் எழுகிற படம் ஒன்றுதான்: எவனோ ஒருவன் என் மனதைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் போகிறான். பரவசம் என்ற சொல்லைப் பிரித்தாலும் இதே கதை. பர என்றால் பிறர், வசம் என்றால் பிடி. அம்மன் கோயில் கொடையில் அருள் வந்து ஆடுகிறவருக்கு அது பொருந்தும். ஹிப்னோதெரபியில் நடப்பது அது அல்ல. அதில் ஆளுக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம்.

இந்தச் சொல் எப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால், ஒரு காரணம் எங்கள் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல் கட்டி என்று ஒரு தொழில்காரர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை எழுதியிருக்கிறார்: பெருமீன்களைக் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி, கட்டு அந்தப் பகலுக்கு மட்டும்தான் செல்லும், இராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகளிலும் கடல் கட்டி வருகிறார். அவர் இல்லாமல் குளிப்பாளிகள் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்த நாட்களும் உண்டு.

மந்திரம் சுறாவை என்ன செய்திருக்கும் என்று நான் வாதாடப் போவதில்லை. குளிப்பாளியை என்ன செய்திருக்கும் என்பது தெளிவு. பயந்தவனுக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளே பிடித்த மூச்சு சீக்கிரம் தீரும். கடல் கட்டியாயிற்று என்று நம்பி இறங்கியவனுக்கு அந்த மூச்சு இன்னும் கொஞ்சம் நிற்கும். அப்படியானால் கட்டுப்பட்டது யார்? சுறா அல்ல. இதை உளவியலில் கருத்தேற்றம் என்கிறார்கள். நம்பகமான ஒருவர் சொன்ன சொல், கேட்டவரின் உடம்பில் போய் வேலை செய்வது. ஹிப்னோதெரபியின் மொத்தச் சரக்கும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். கடல் கட்டி வெளிப்படையாகச் சுறாவைக் கட்டினார், உள்ளபடி பயத்தைக் கட்டினார். கட்டு, வசியம் என்ற பேச்சு முழுவதும் வெளியே இருக்கிற சக்தியைப் பற்றியது. நடப்பதோ உள்ளே.

அதனால்தான் எனக்கு அறிதுயில் பிடிக்கிறது. புதிதாகச் செய்த சொல் அல்ல. திருமால் பாற்கடலில் கொள்ளும் துயிலுக்கு இலக்கியத்தில் வழங்கும் பெயர். யோக நித்திரை என்று அகராதி பொருள் சொல்லும். இலக்கணத்தில் இது வினைத்தொகை. ஊறுகாய் போல மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருக்கிறது: அறிந்த, அறிகின்ற, அறியும் துயில். தூங்குவதுபோல் கிடக்கிறார், ஆனால் எல்லாம் தெரிகிறது. தூக்கம் என்று பெயர் வைத்துப் பிரெய்டு செய்த பிழையை, நம் சொல்லில் முன்னால் நிற்கிற அறி என்ற இரண்டெழுத்து திருத்திவிடுகிறது.

பிரெய்டுக்கு முன்பே இதைச் சரியாகப் பெயரிட்ட ஒருவர் இருந்தார், அவரும் நம் நாட்டுக்காரர். கோவாவின் காண்டோலிம் ஊரில் 1756-ல் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார். பாரிசில் பொதுமக்கள் முன் இதைச் செய்து காட்டியவர். காந்தமும் இல்லை, பாய்மமும் இல்லை, என்னிடமும் ஒரு சக்தி இல்லை, எல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனதில்தான் என்பது அவர் வாதம். அவர் இறந்த 1819-ல் வந்த அவர் புத்தகம் இந்த நிலையைத் தெளிந்த தூக்கம் என்ற பொருளுள்ள பிரெஞ்சுத் தொடரால் குறிக்கிறது. அறிதுயில் என்று அப்படியே தமிழில் போடலாம்.

திருப்புல்லாணி தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. ராமநாதபுரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் இருக்கும். அங்கே ராமர் தர்ப்பைப் புல்லைப் பரப்பி, கடலரசன் வழிவிட வேண்டும் என்று மூன்று நாள் கிடந்தார் என்பது தலவரலாறு. புல்லணைதான் புல்லாணி ஆயிற்று என்பார்கள். கிடந்த கோலம், மனதில் ஒரே நினைப்பு. பிரெய்டு 1847-ல் தேடிய சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சிலை எங்கே கிடைக்கும்?

சரி, மனம் இதில் எப்படி வேலை செய்கிறது? சுவரொட்டிகளில் ஆழ்மனச் சக்தி என்று ஒன்று தவறாமல் இருக்கும். கடலோரத்துக்காரனுக்கு ஆழம் என்றதும் பார் என்கிற கடலடிப் பாறையும் பவளமும் நினைவுக்கு வரும். மனதுக்கு அடியிலும் அப்படி ஒரு புதையல் கிடக்கிறது என்று தோன்றும். மூளையில் அப்படி ஒரு தளம் கிடையாது. நனவிலி என்ற சொல் கொஞ்சம் வறட்சியானாலும் பொய் சொல்லாது: நாம் கவனிக்காமலே நடப்பது. பாம்பன் கரையில் கிழிந்த வலையைப் பொத்துகிற பெரியவரைப் பாருங்கள். விரல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும்; வாய் வியாபாரியோடு மீன் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். விரலை யார் ஓட்டுகிறார்கள்? கவனம் என்பது சின்ன டார்ச் வெளிச்சம். அது படாத இடத்திலும் வேலை நடக்கிறது.

அறிதுயிலில் அந்த வெளிச்சத்தை ஒரு குரலின் மேல், ஒரு காட்சியின் மேல் குவிக்கிறார்கள். மற்றதெல்லாம் மங்கும். நல்ல கச்சேரியில் மெய்மறந்து உட்கார்ந்திருந்தேன் என்போமே, அதுவேதான். மெய் என்றால் உடம்பு, உடம்பை மறப்பது. இது வெறும் பேச்சு அல்ல. 1997-ல் பியேர் ரெய்ன்வில் குழுவினர், சுடுதண்ணீரில் கை வைத்தவர்களிடம் அறிதுயில் நிலையில் வலியின் வேதனை கூடுகிறது, குறைகிறது என்று மாற்றி மாற்றிச் சொல்லி மூளையைப் படம் எடுத்தார்கள். தண்ணீரின் சூடு மாறவில்லை. வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட முன்புற சிங்குலேட் பகுதியின் இயக்கம் சொல்லுக்கேற்ப மாறியது.

குடலுக்கும் இது செல்லும். 1984-ல் பீட்டர் வோர்வெல், பிரெய்டின் அதே மான்செஸ்டரில், காக்காவுக்கு இருப்பது போன்ற எரிச்சல் குடல் நோய் முற்றி மருந்துக்கு அடங்காத 30 பேரை வைத்து நடத்திய சோதனையில் அறிதுயில் முறை நன்றாகவே கைகொடுத்தது. பிறகு பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலிலும், மருந்து கேட்காதவர்களுக்கு என்று இது இடம்பெற்றது. சிகரெட்டை விட வைக்கும் என்பதற்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. மறந்துபோன பழைய நினைவைத் தோண்டி எடுப்பேன் என்கிறவரிடம் போகவே வேண்டாம். நடக்காததை நடந்ததாக நம்ப வைத்துவிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிப்பதும் இல்லை.

இன்னொன்றையும் இந்தக் கரையில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோய்க்குக் கட்டு ஒன்றே வைத்தியம் என்ற நினைப்பு எங்கே கொண்டுவிடும் என்று பார்த்தவர்கள் நாங்கள். தீவிர மனச்சிதைவுக்கு மருந்தும் மனநல மருத்துவரும்தான் வேண்டும். அறிதுயில் அதற்கு மாற்று அல்ல.

தெரபி என்ற பின்பாதி மிச்சம் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அதற்குப் பணிவிடை, கூட இருந்து கவனிப்பது என்று பொருள். சிகிச்சை என்று எழுதினால் தவறில்லை. தென்மாவட்டப் பேச்சில் பண்டுவம் பார்ப்பது என்று ஒன்று உண்டு, மாட்டுக்கும் மனுஷனுக்கும் பொதுவாக. அறிதுயில் பண்டுவம் என்று எழுத எனக்கு ஆசை; ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் அறிதுயில் சிகிச்சை என்பதே ஒட்டும்.

காக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "தெரிஞ்சே தூங்குறது, அவ்வளவுதான்" என்றேன். "அது மத்தியானம் கடையில நான் பண்றதுதானே" என்றார். போக ஆரம்பித்துவிட்டார். நாலாவது தடவை போய் வந்த அன்று என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வயிற்றில் கையை வைத்து, சூடு உள்ளே இறங்குவதாக நினைக்கச் சொன்னார்களாம். அப்புறம் ஓர் ஆறு அமைதியாக ஓடுவதாக.

"நமக்கு ஏது தம்பி ஆறு? வைகை பெரிய கண்மாயத் தாண்டுறதே பெரும்பாடு. நான் பாம்பன் கால்வாய நினைச்சுக்கிட்டேன்."

"அது ஒரு நேரம் இந்தப் பக்கமும் ஒரு நேரம் அந்தப் பக்கமும் ஓடுமே காக்கா?"

"அதான். என் வயித்துக்கும் அதே வழக்கந்தானே."