காட்டு முகாமில் பாதிக் கட்டணம்: எந்த பாஸ் செல்லும், எங்கே திருப்பி அனுப்புவார்கள்

அமெரிக்காவின் நேஷனல் ஃபாரஸ்ட் (தேசிய வனம்) கேம்ப்கிரவுண்டுகளில் கூடாரம் போட்டுத் தங்க, 62 வயது நிறைந்தவர்களுக்கும் நிரந்தர உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கான பாஸ் கையில் இருந்தால் பெரும்பாலும் பாதிக் கட்டணம்தான். இது தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். தெரிந்து போய், தவறான பாஸை நீட்டி, பேரப்பிள்ளைகள் முன்னால் முகம் சிறுத்து நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் ஏமாற்ற வந்தவர்கள் இல்லை. விதியை ஒருவரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பின்னணி இவ்வளவு போதும்: நேஷனல் ஃபாரஸ்ட் என்பது வேளாண்மைத் துறையின் கீழ் இயங்கும் ஃபாரஸ்ட் சர்வீஸின் நிலம். நேஷனல் பார்க் வேறு துறை, வேறு நிர்வாகம். இரண்டுக்கும் பொதுவான பாஸ்கள், இந்த நிலங்களில் வாங்கும் கட்டணங்கள் பற்றிய 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இங்கே நான் மிச்சிகனை வைத்துப் பேசுகிறேன். டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கோடையில் வடக்கே ஹியூரன்-மனிஸ்டீக்கும், மேக்கினா பாலம் தாண்டி ஹயவாதா, ஒட்டாவா வனங்களுக்கும் போவது வழக்கம். முகாமுக்கு ‘ரஸ்டிக்’ என்று போட்டிருந்தால் ஒரு மேசை, நெருப்பு வளையம், குழிக் கழிப்பறை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கைப்பம்பு. மின்சாரம், வெந்நீர்க் குளியல் கிடையாது.

எல்லோரும் குழம்புகிற முதல் இடம் பாஸ்களின் பெயரும் விலையும். மிச்சிகனில் வண்டிப் பதிவோடு சேர்த்து எடுக்கிற ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் மாநில அரசுடையது. மாநிலப் பூங்காவிலும் மாநில வனத்திலும் செல்லும். நேஷனல் ஃபாரஸ்ட்டில் அதற்கு மதிப்பே இல்லை. ஒரே சாலையில் பத்து மைல் இடைவெளியில் மாநில வனப் பலகையும் தேசிய வனப் பலகையும் மாறி மாறி வரும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி பைன் மரங்கள்தான். யார் நிலம் என்று பலகையைப் படித்துவிட்டு உள்ளே திரும்புங்கள்.

அடுத்தது 80 டாலர் குழப்பம். அமெரிக்காவில் வசிப்பவர்கள் வாங்கும் ஆண்டு பாஸ் 80 டாலர். 62 வயதானவர்களுக்கான ஆயுட்கால சீனியர் பாஸும் 80 டாலர். விலை ஒன்று, பயன் வேறு. ஆண்டு பாஸ் நுழைவுக் கட்டணத்துக்கும் பகல்நேரப் பயன்பாட்டுக்கும் மட்டும்தான். முகாம் கட்டணத்தில் ஒரு காசு குறையாது. பாதித் தள்ளுபடி தருவது சீனியர் பாஸும், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான ஆக்சஸ் பாஸும். அப்பாவுக்கு 66 வயது இருக்கும்போது மகன் தன் பெயரில் ஆண்டு பாஸ் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. அதே பணத்தை அப்பா பெயரில் போட்டிருந்தால் ஆயுளுக்கும் உதவியிருக்கும். அவ்வளவு தொகை வேண்டாம் என்றால் 20 டாலருக்கு ஒரு வருட சீனியர் பாஸ் இருக்கிறது. அதிலும் அதே பாதித் தள்ளுபடி உண்டு. பழைய அட்டைகளை எறியாதீர்கள். நான்கு சேர்ந்தால் ஆயுட்கால பாஸாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி, அதிகம் பேர் மனம் நொந்துபோகும் விஷயத்துக்கு வருவோம். ஊரிலிருந்து ஆறு மாதம் இருக்க வந்த அப்பா அம்மாவுக்கு சீனியர் பாஸ் கிடைக்காது. வயது 62 தாண்டியிருந்தாலும், பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி தெளிவாக இருந்தாலும் கிடைக்காது. அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். விசிட்டர் விசா போதாது. ஹெச்-1பி வேலை விசாவில் இருபது வருடம் வரி கட்டியவருக்கும் இல்லை. சொந்த வீடு இருக்கிறது, வரி கட்டுகிறேன் என்று சொன்னாலும், அதனால் மட்டும் தகுதி வராது என்பதுதான் அவர்கள் பதில். நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் கவுண்டரில் இருப்பவரிடம் இதை வாதாடி ஜெயிக்க முடியாது. அப்பா அம்மா கிரீன் கார்டில் வந்திருந்தால் வந்த அடுத்த நாளே வாங்கலாம். இத்தனை வருடம் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. இது தெரியாமல், “குடிமகன் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆக்சஸ் பாஸ் இலவசம், ஆயுட்காலம் முழுக்கச் செல்லும், வயது வரம்பும் இல்லை. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு நிபந்தனை இதற்கும் உண்டு. சிக்கல் வருவது ஆதாரத்தில். காரில் தொங்கவிடும் ஊனமுற்றோர் பார்க்கிங் அட்டையை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். அதே குறைபாட்டுக்காக அரசு கொடுத்த அட்டைதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், வாகனத் துறை அட்டை செல்லாது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சமூகப் பாதுகாப்பு ஊனமுற்றோர் உதவித்தொகைக் கடிதம், படைவீரர் துறைக் கடிதம், மாநிலத் தொழில்சார் மறுவாழ்வுத் துறையின் ஆவணம், அல்லது மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம், இவற்றில் ஒன்று வேண்டும்.

மருத்துவர் கடிதம்தான் சுலபம், திரும்பி வருவதும் அதுதான். “மூட்டுவாதத்துக்குச் சிகிச்சையில் இருக்கிறார்” என்று மட்டும் எழுதினால் போதாது. குறைபாடு நிரந்தரமானது என்ற சொல்லும், அது நடப்பது, பார்ப்பது, கேட்பது போன்ற அன்றாட வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றைக் கடுமையாகப் பாதிக்கிறது என்ற வரியும் கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும். எத்தனை சதவீதம் என்பது கணக்கில் வராது. பகுதி ஊனம்தான், பாஸ் கிடைக்காது என்று ஏற்கெனவே யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் அதைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். டாக்டர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே இந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்குள் கோடை போய்விடும்.

பாஸை எங்கே வாங்குவது? நேரில் வாங்கினால் கூடுதல் செலவில்லை. ஆனால் ஃபாரஸ்ட் சர்வீஸின் உள்ளூர் அலுவலகமான ரேஞ்சர் ஆபீஸ் எல்லாவற்றிலும் கிடைக்காது, கிடைக்கும் இடத்திலும் சில சமயம் அட்டை தீர்ந்திருக்கும். ஆபீஸ் நேரமும் நீங்கள் முகாமுக்குப் போகும் நேரமும் ஒத்துவராது. வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பி இருட்டில் போய்ச் சேர்கிறவருக்குக் கதவு பூட்டியிருக்கும், திங்கட்கிழமை வாருங்கள் என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். கிளம்பும் வாரத்தில் போன் செய்து, “சீனியர் பாஸ் இருப்பில் இருக்கிறதா, என்றைக்குத் திறந்திருப்பீர்கள்” என்று கேட்டுவிடுங்கள். பாஸ் யார் பெயரிலோ அவரே அடையாள அட்டையோடு வர வேண்டும். மகன் போய் வாங்கிவர முடியாது. ஆன்லைனில் அட்டை ஆர்டர் செய்தால் தபாலில் வரும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, இலவச ஆக்சஸ் பாஸுக்கும் சேர்த்துத்தான். 2026 முதல் ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் டிஜிட்டல் பாஸும் வந்திருக்கிறது. காட்டுக்குள் சிக்னல் இருக்காது என்பதால் அதை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். அட்டை தொலைந்தால் மாற்று கிடையாது, மறுபடி வாங்க வேண்டியதுதான்.

சரி, பாஸ் கையில் இருக்கிறது. இனிமேல்தான் நுணுக்கமான வலைகள்.

பாஸ் உள்ளவர் எந்த இடத்தில் தங்குகிறாரோ அந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான் பாதி. அம்மாவின் பாஸை வைத்து அண்ணன் குடும்பத்துக்கு ஒன்று, தம்பி குடும்பத்துக்கு ஒன்று என்று இரண்டு இடம் போட்டால் ஒன்றுக்குத்தான் தள்ளுபடி. அப்பா, அம்மா இருவரிடமும் பாஸ் இருந்தால் அதே இடத்துக்கு இரண்டு பாதி சேர்த்து இலவசம் என்றும் ஆகாது. அவர்கள் ஆளுக்கோர் இடத்தில் தங்கினால் இரண்டுக்கும் பாதி கிடைக்கும். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அட்டையை மட்டும் எடுத்துப் போனால் செல்லவே செல்லாது.

ஆன்லைன் முன்பதிவில் பாஸ் எண்ணைப் போட்டால் தள்ளுபடி உடனே தெரியும். அது முடிவல்ல. போய் இறங்கும்போது அட்டையும் அடையாள அட்டையும் காட்டாவிட்டால் மீதிப் பாதியை அங்கேயே கட்டச் சொல்வார்கள். மகன் கணக்கில், மகன் பெயரில் பதிவு, பாஸ் மட்டும் அம்மா பெயரில் என்று இருந்தால் தேவையில்லாத கேள்விகள் வரும். பதிவையே பாஸ் உள்ளவர் பெயரில் போடுங்கள். இன்னொன்று, 8 டாலர் முன்பதிவுக் கட்டணத்துக்குத் தள்ளுபடி இல்லை. இரவுக்கு 20 டாலர் என்று வையுங்கள்: மொத்தம் 28, அதில் பாதி 14 என்று எதிர்பார்ப்பீர்கள், 18 வரும். அது தவறில்லை. பதிவை ரத்து செய்தால் 10 டாலர் போகும். போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாளோ அன்றைக்கோ ரத்து செய்தால் ஓர் இரவுக் கட்டணமும் சேர்ந்து போகும். சொல்லாமல் போகாமலே விட்டால் 20 டாலரும், அதோடு முதல் இரவுக் கட்டணமும் போகும். ஆனால் வழியில் டயர் பஞ்சராகி நள்ளிரவு தாண்டிவிட்டதென்றால் பயப்பட வேண்டாம். மறுநாள் செக்-அவுட் நேரம் வரைக்கும் உங்கள் இடத்தை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டிருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முன்பதிவு இல்லாத ரஸ்டிக் முகாம்களில் வாசலில் ஓர் இரும்புப் பெட்டியும் உறைகளும் இருக்கும். இடத்தைப் பார்த்து, உறையில் இட எண், வண்டி எண், பாஸ் எண் எழுதி, பாதிப் பணத்தை உள்ளே வைத்துப் போட வேண்டும். சில்லறை கொடுக்க அங்கே ஆள் இல்லை, அதனால் 1, 5 டாலர் நோட்டுகள் கொண்டுபோங்கள். உறையிலிருந்து கிழிக்கும் துண்டைக் இடத்தின் கம்பத்திலோ வண்டிக் கண்ணாடியிலோ வெளியே தெரியும்படி வைக்காவிட்டால், கட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. அந்தத் துண்டை ஒரு படமும் எடுத்து வையுங்கள். முதல் தடவை கட்டாமல் மாட்டியதற்கு அபராதம் 100 டாலருக்கு மேல் போகக்கூடாது. யாராவது அதற்கு மேல் மிரட்டினால் இந்த வரம்பைச் சொல்லுங்கள்.

நண்பருக்காக இடம் பிடித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. இங்கே கூடாரம் போட்ட முதல் இரவு ஒருவராவது அங்கே தூங்கியாக வேண்டும். காலையில் கூடாரம் அடித்துவிட்டு ராத்திரி ஹோட்டலுக்குப் போனால் விதிமீறல். 24 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விடுவதும் அப்படியே. பாதிக் கட்டணம் கட்டிய முதியவருக்குக் குளிர் தாங்கவில்லை என்று அவரை மோட்டலில் சேர்த்தால் தள்ளுபடியும் கேள்விக்குள்ளாகும்.

“தண்ணீர்கூட இல்லை, எதற்குப் பணம்?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த 2004 சட்டம் ஒன்பது வசதிகளைச் சொல்லி, அவற்றில் பெரும்பான்மை இருந்தால் முகாம் கட்டணம் வாங்கலாம் என்கிறது. கூடார இடம், மேசை, சாலை, கழிப்பறை, நெருப்பு வளையம் என்று எண்ணினாலே ஐந்து வந்துவிடும். குடிநீரும் குப்பைத் தொட்டியும் இல்லாமலே கணக்கு முடிந்துவிடுகிறது. கைப்பம்பு பூட்டிக் கிடப்பதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்விடுங்கள். அதே சட்டத்தை நம் பக்கமும் திருப்பலாம். இந்த வசதிகள் எதுவும் இல்லாத திறந்த காட்டில் தங்குவதற்கும், சும்மா வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போவதற்கும் இந்தக் கட்டணம் கேட்கக்கூடாது. அரிசோனாவில் மவுண்ட் லெமன் மலைக்குப் போனவர்கள் இதற்காக வழக்குப் போட்டு, 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் எமரால்டு ஆஷ் போரர் வண்டு வட அமெரிக்காவில் முதலில் 2002-ல் டெட்ராய்ட் அருகேதான் கண்டுபிடிக்கப்பட்டது, அதைப் பரப்பியதில் விறகுக்குப் பெரிய பங்கு. முகாமுக்குப் பக்கத்தில் வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள். கரடி உள்ள இடத்தில் சாம்பார்ப் பாத்திரத்தைக் கழுவாமல் வெளியே வைக்காதீர்கள், உணவை வண்டிக்குள் பூட்டுங்கள்.

கடைசியாக, மறுத்துவிட்டால் என்ன செய்வது. பல முகாம்களை ஃபாரஸ்ட் சர்வீஸ் நேரடியாக நடத்துவதில்லை, அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. “இது தனியார், இங்கே பாஸ் செல்லாது” என்ற பேச்சு அங்கேதான் கேட்கும். தனி முகாம் இடங்களுக்குத் தனியார் நடத்தினாலும் சீனியர், ஆக்சஸ் பாஸ்களின் பாதித் தள்ளுபடி பொருந்தும். குழு முகாம் இடங்கள் வேறு, அங்கே மொத்தமாக ஒரே கட்டணம் வாங்குவதால் தள்ளுபடி இருக்காது. தனியார் முகாம்களில் தள்ளுபடியை 10 சதவீதமாக்க 2009-ல் ஒரு யோசனை வந்து, எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. அதனால் அந்தப் பேச்சை நம்பிப் பாஸை உள்ளே வைத்துவிடாதீர்கள்.

இரவு எட்டு மணிக்கு, பேரன் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஹோஸ்ட்டோடு சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. அவர் நிறுவனம் சொன்னதைச் சொல்கிறவர். முழுப் பணத்தையும் கட்டி, தேதியும் இட எண்ணும் போட்ட ரசீது வாங்குங்கள். பாஸின் முன்பக்கம், வாசல் கட்டணப் பலகை இரண்டையும் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த நிறுவனத்துக்கு எழுதாமல், அந்த வனத்தின் ரேஞ்சர் டிஸ்டிரிக்ட் ஆபீஸுக்கு நேராக எழுதுங்கள். அனுமதி கொடுத்தவர்கள் அவர்கள்தான். நான்கு வரி போதும்: எந்த முகாம், எந்தத் தேதி, எந்த பாஸ், எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள். “என் அனுபவம் வருத்தமளித்தது” என்று தொடங்கினால் வருத்தம் தெரிவித்து ஒரு பதில் வரும். “இத்தனை டாலர் திருப்பித் தரவும்” என்று தொகையைப் போட்டு எழுதுங்கள்.