ரேனியஸ் காலத்துக் குடும்பம் என்றால் போதுமா?

போன வாரம் ஒரு குடும்பத்தார் குருவானவரான என்னிடம் கல்யாண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) கொடுக்க வந்தார்கள். மாப்பிள்ளை இன்னும் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் ஆராதனை) எடுக்கவில்லை. ஆயத்த வகுப்புக்கு வரட்டும் என்றேன். அவருடைய அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "நாங்க ரேனியஸ் ஐயர் காலத்துலயே வேதத்துக்கு வந்த குடும்பம்லா ஐயா, எங்களுக்குப் போய் வகுப்பா?" எத்தனை சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரங்களில்) கேட்டுவிட்டேன் இந்தப் பேச்சை! இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஜெர்மன் மிஷனரியான ரேனியஸ் ஐயர் (குருவானவரை இங்கே ஐயர் என்போம்) பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். சரி, உங்கள் பூட்டனார் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றிருக்கட்டும். அது அவருடைய விசுவாசம். உங்களுடையது எங்கே? அதற்கும் முந்தினவர்களைப் பாருங்கள். உபதேசியார் டேவிட் சுந்தரானந்தத்தோடு நின்றவர்கள் துன்புறுத்தலில் வீடும் ஜெபக்கூடமும் இழந்து, 1799-ல் முதலூர் என்ற புது ஊரில் குடியேறினார்கள். பெருமை பேச அவர்களுக்குக் கிறிஸ்தவப் பாட்டனார் ஒருவரும் இல்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் தாத்தா கதை பேசி உட்கார்ந்திருந்தால், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்கு யார் போயிருப்பார்கள்? 'ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன்' என்று சொல்லிக்கொள்ளாதிருங்கள் என யோவான்ஸ்நானகன் கடிந்துகொண்டது இதே பேச்சைத்தான். விசுவாசம் பத்திரம் எழுதி மகன் பெயருக்கு மாற்றித் தரும் பூர்வீகச் சொத்து இல்லை. ஒவ்வொருவரும் தானே மனந்திரும்பி ஆண்டவரிடம் வர வேண்டும்.

சங்கக் காணிக்கையில் பாக்கி இல்லை, அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) அரிசி மூட்டை கொடுத்தாயிற்று, பண்டிகைக்கு ஊருக்கு வந்தாயிற்று. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பது எனக்குத் தெரியுமே தவிர, உள்ளே ஜெபம் இருக்கிறதா என்று அதில் எழுதியிருக்காது.

ஒரு வீட்டில் சுகமில்லாத அம்மாவுக்காக ஜெபிக்கப் போனேன். வேதாகமம் கேட்டதும் பேரன் டிவி மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வந்தான். அவனுக்குத் திடப்படுத்தலன்று கொடுத்தது. திறந்தால், தாள்களின் பொன் விளிம்பு ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தது. ரோமர் நிருபத்தை நகத்தால் பிரித்துத்தான் வாசித்தேன்.

குருத்துவப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும்: பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, "ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று நம்மிடம் சண்டைக்கு வருகிறவரைப் பற்றிப் பயமில்லை. அவர் இன்னும் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். "ஒரு குறையும் இல்லை ஐயா" என்று சிரித்து வழியனுப்புகிறவர்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறவர். சின்ன ஆசியாவிலிருந்த லவோதிக்கேயா பட்டணம் கி.பி. 60-ல் பூகம்பத்தில் இடிந்தபோது, ரோமின் உதவியில்லாமல் தன் பணத்தாலேயே மறுபடி எழும்பியது. வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்த ஊர்ச் சபையும் 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்றே சொன்னது. ஆண்டவரோ வாசலுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

ஆகையால் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் வசனப் படத்தை அனுப்பிவிட்டு, வேதம் வாசித்தாயிற்று என்று நினைக்காதீர்கள். வேதாகமத்தைத் திறந்து, ஒரு அதிகாரமாவது முழுதாக வாசியுங்கள். பிரசங்கம் தொடங்கும் நேரம் பார்த்து ஆலயத்துக்கு வராதீர்கள். பாவ அறிக்கை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கிணற்றுப் பங்குக்காகக் கூடப்பிறந்தவனோடு பேச்சை நிறுத்தியவர்கள், நற்கருணைக்கு முழங்காலிடும் முன் அவன் வீட்டுக்குப் போய்வாருங்கள். அவன்தான் முதலில் வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பெற்றோரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளில் இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள், அவர்கள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் அவர்களையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஐயரிடம் வாருங்கள். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம். அந்த மாப்பிள்ளைக்கும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன்: வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம், அப்பாவும் கூட வரலாம்.