நாடு பிறந்த மறுநாள் யார் குடிமக்கள்?

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு பாட்டி, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சப்பையில் ஒரே ஒரு காகிதம். 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது அவருடைய அப்பாவுக்குக் கொடுத்தது. "வக்கீலம்மா, சிங்கப்பூர்ல இருக்குற பொண்ணப் பாக்கப் போகணும். பாஸ்போர்ட்டுக்கு, நீ எந்த நாட்டுல பொறந்தேன்னு கேக்குறாங்க" என்றார்.

என் ஜூனியர் பையன்கள் தனிநாடு கேட்கும் ஸ்காட்லாந்து, கட்டலோனியா என்று ஆர்வமாகப் பேசுவார்கள். எங்கே எத்தனை சதவீதம் ஓட்டு விழுந்தது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். நான் கேட்பது வேறு. சரி, நாடு பிறந்துவிட்டது; மறுநாள் காலையில் அங்கே யார் குடிமக்கள்? எந்த விடுதலை இயக்கத்தையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

பர்மா, இலங்கை இரண்டும் 1948இல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுபட்டன. இலங்கை அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புப் பதிவு இருந்திருக்கும்? தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போன மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. பர்மாவிலோ 1962 ராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசுடைமையாக்கியதும் நம்மவர்கள் வெறுங்கையோடு கிளம்பினார்கள். சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்ததுதான்.

காலனி ஆட்சியிலிருந்து விடுபடுவதும், இருக்கிற நாட்டிலிருந்து பிரிவதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. ஆனால் கையில் காகிதம் இல்லாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்லோவேனியா 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. அங்கே வசித்து, ஆறு மாதத்துக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத மற்ற யூகோஸ்லாவிய மாநிலத்துக்காரர்கள் 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை, 1992 பிப்ரவரியில் வசிப்போர் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். பலருக்கு விஷயமே தெரியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அது தவறு என்று சொல்ல 2012 ஆகிவிட்டது.

எனக்கு இன்னும் நெஞ்சை அறுப்பது எரித்திரியா. 1993 வாக்கெடுப்பில் 99.8 சதவீதம் பேர் எத்தியோப்பியாவிலிருந்து பிரியச் சொன்னார்கள். எத்தியோப்பியாவில் வாழ்ந்த எரித்திரிய வம்சாவளியினரும் அதில் ஓட்டுப் போட்டார்கள். 1998இல் இரு நாட்டுக்கும் போர் மூண்டதும், அந்த ஓட்டையே காரணம் காட்டி, நீங்கள் அந்நியர் என்று எத்தியோப்பியா பல்லாயிரம் பேரை வெளியேற்றியது. குடும்பங்கள் சிதறின.

ஸ்காட்லாந்தில் 2014 வாக்கெடுப்பில், பிரிட்டனிலிருந்து பிரியும் யோசனை தோற்றது. ஆனாலும் பிரிந்தால் யார் குடிமக்கள் என்பதை அங்கே ஒரு வருஷம் முன்பே எழுதி வெளியிட்டிருந்தார்கள். அங்கே வசிக்கும் பிரிட்டிஷ் குடிமக்கள், வெளியில் வசிக்கும் ஸ்காட்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் குடிமக்கள் இரு சாராருமே தானாகக் குடிமக்கள். இந்த ஒழுங்குதான் எல்லா இயக்கங்களுக்கும் வர வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். பர்மாவிலிருந்து வந்த சான்று, கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை எதுவாக இருந்தாலும் லேமினேஷன் செய்யாதீர்கள். முத்திரையைச் சரிபார்க்க முடியாமல் போகும். பின்பக்கத்தையும் சேர்த்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பாட்டியின் காகிதத்தில் பின்பக்க முத்திரைதான் எங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது.

அப்புறம், புழல், கும்மிடிப்பூண்டி இலங்கை அகதி முகாம்களில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவர் என்றாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, இதை வைத்தே 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே தேடி எடுங்கள்.