ஹியூரிஸ்டிக் முறையா, கண்டறி முறையா?

ஆசிரியர் பயிற்சி நூல்களில் ‘ஹியூரிஸ்டிக் முறை’ என்ற சொல் தவறாமல் வரும்; விடையைச் சொல்லாமல் மாணவரையே தேட வைத்துக் கற்பிக்கும் முறை அது. தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு பலர் விட்டுவிடுகிறார்கள்.

வேர் கிரேக்கம். ‘ஹியூரிஸ்கோ’ என்றால் ‘கண்டுபிடிக்கிறேன்’. ஆர்க்கிமிடீஸ் கத்தியதாகச் சொல்லப்படும் ‘யுரேகா’வும் இதே வினைதான்.

அறிவியல் வகுப்பில் இந்தச் சொல்லைப் பரப்பியவர் லண்டன் வேதியியலாளர் ஹென்றி எட்வர்ட் ஆம்ஸ்ட்ராங் (1848–1937). விடையைச் சொல்லாமல், முடிந்தவரை மாணவரைக் கண்டுபிடிப்பாளரின் இடத்தில் நிறுத்த வேண்டும் என்றார். இரும்பு துருப்பிடிப்பது அவருக்குப் பிடித்த பாடம். ஈரமான இரும்புத்தூள் ஒட்டிய குழாயைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால், சில நாளில் குழாய்க்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறி அப்படியே நின்றுவிடும். துருவை எடைபோட்டால் முதலில் இருந்த இரும்பைவிடக் கூடுதலாக இருக்கும். அப்படியானால் காற்றில் ஒரு பகுதி எங்கே போயிற்று? இதற்கு விடை பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும்.

இந்த முறையைத் தமிழில் ‘கண்டுபிடிப்பு முறை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்குக் ‘கண்டறி முறை’தான் சரி என்று படுகிறது. கண்டுபிடிப்பது தொலைந்த சாவிக்கும் பொருந்தும். கண்டறிவதிலோ காண்பது, அறிவது என இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் சின்னதல்ல. 1774இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி பாதரசச் சுண்ணத்தை (இன்றைய பெயரில் பாதரச ஆக்சைடு) சூடாக்கி ஒரு வாயுவைப் பிரித்தார். அதில் மெழுகுவத்தி பிரகாசமாக எரிந்தது. ஆனால் அந்த வாயுவை ‘ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று’ என்றே கடைசிவரை நம்பினார்; எரியும் பொருளிலிருந்து வெளியேறுவதாக அன்று கருதப்பட்ட ஒன்றுதான் ஃபுளோஜிஸ்டன். அந்த வாயுவைத் தனிமமாக அறிந்து ஆக்சிஜன் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். பிரீஸ்ட்லி கண்டார், அறியவில்லை.

அவ்வளவு பெரிய அறிஞருக்கே அப்படி என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை குழாயைப் பார்த்த மாத்திரத்தில் ஆக்சிஜனை அறிந்துவிடுமா? அதனால்தான் ‘தானே கண்டறியும் முறை’ என்று நீட்டி எழுதுவதை நான் ஏற்பதில்லை. எதைப் பார்ப்பது, அடுத்து எதை எடைபோடுவது என்ற கேள்விகளை ஆசிரியர் முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் பாடங்களிலும் அந்த அடுக்கு இருந்தது. ‘தானே’ என்று சேர்த்தால் ஆசிரியரின் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்புறம், கணினித் துறையிலும் உளவியலிலும் ‘ஹியூரிஸ்டிக்’ என்றால் வேறு: முழுக்கக் கணக்கிடாமல் சட்டென்று ஒரு முடிவுக்கு வர உதவும் தோராய விதி. அங்கே ‘கண்டறி முறை’ ஒட்டாது. ‘உத்தேச வழி’ என்று எழுதலாம்.