சிறுநீரக மாற்றுக்குப் பிறகான பரிசோதனைகள்: காப்பீட்டு அட்டை எதுவரை வரும்?

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் குடும்பம், அறுவைச் சிகிச்சைச் செலவு காப்பீட்டு அட்டையில் முடிந்தது என்று நிம்மதியோடு வீடு திரும்புகிறது. மூன்றாவது மாதத்திலோ நான்காவது மாதத்திலோ அதே குடும்பம் பரிசோதனைக் கூடத்தில், "இதற்கு அட்டை செல்லாது" என்ற பதிலைக் கேட்டுத் திகைத்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பணமில்லாமல் ஒரு மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கிடைத்த சிறுநீரகத்தை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. முன்கூட்டியே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் இவர்களில் பலர் தப்பியிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டமும் ஒருங்கிணைத்து நடத்தப்படுகின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பதே எல்லா விளம்பரங்களிலும் காணப்படும் வரி. அந்த வரியில் இடம்பெறாத சொல் 'உள்நோயாளி'. மத்தியத் திட்டத்தின் விதிப்படி, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களும் வீடு திரும்பிய பின்னர் 15 நாட்களும் மட்டுமே சிகிச்சைத் தொகுப்புக்குள் அடங்கும். புறநோயாளியாகச் செய்யும் பரிசோதனை அதில் சேராது.

மருத்துவம் கேட்கும் கால அட்டவணையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் சர்வதேச அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்பதை முதல் வாரம் தினமும், முதல் மாதம் முடியும் வரை வாரம் இரண்டு மூன்று முறையும், இரண்டாம் மூன்றாம் மாதங்களில் வாரந்தோறும், ஆறாம் மாதம் வரை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையும், ஓராண்டு வரை மாதந்தோறும் பார்க்க வேண்டும். முதல் மாதத்துக்குப் பின் மட்டும் இது ஏறக்குறைய 20 பரிசோதனைகள். அந்த 15 நாட்களோ பெரும்பாலோருக்கு இரண்டாம் மாதம் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும்.

கிரியேட்டினின் மட்டும் போதாது. அது உயர்வதற்குள் சிறுநீரகத்தில் கணிசமான சேதம் நடந்திருக்கக்கூடும் என்பதால், டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு, சிறுநீரில் வெளியேறும் புரதம், மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய பி.கே. வைரஸின் அளவு, தானம் பெற்ற உறுப்புக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் ஆகியவற்றையும் மருத்துவர் கேட்பார். டாக்ரோலிமஸ் குறைந்தால் உடல் புதிய உறுப்பை நிராகரிக்கும்; கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிராகரிப்பு பல நேரங்களில் வலியோ காய்ச்சலோ இல்லாமல், சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்போதே தொடங்குகிறது. ஆகவே "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

செய்ய வேண்டிய வேலை வீடு திரும்புவதற்கு முன்பே தொடங்குகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "தொடர் பரிசோதனை தேவை" என்ற ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ளாமல், எந்தப் பரிசோதனை, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதி, மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சைகளைத் தவிர, தொடர் சிகிச்சைக்கும் நோயறி பரிசோதனைக்கும் தனித்தனி வகைகள் உள்ளன. மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் அந்தப் பெயர்களைச் சொல்லியே கேட்க வேண்டும், ஏனெனில் பொதுவாகக் கேட்பவருக்குப் பொதுவாக "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது. "இல்லை" என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அப்போதும் பயனில்லையென்றால் 1800 425 3993 அல்லது 14555 என்ற இலவச எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். உள்நோயாளியாக இருக்கும் நாட்களில் தொகுப்புக்கு உட்பட்ட பரிசோதனைக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் இதே வழிதான்.

சில இடங்களில், "ஒரு நாள் படுக்கையில் சேருங்கள், அட்டையிலேயே பரிசோதனையை முடித்துத் தருகிறோம்" என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தேவையில்லாத அனுமதி பொய்க் கணக்காகக் கருதப்படும்; எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்ட உடலோடு வார்டில் படுப்பதால் தொற்று வரும் ஆபத்தும் உண்டு.

அட்டையே சிக்கலாகும் இடங்கள் பெரும்பாலும் சிறிய எழுத்துப் பிழைகள்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். நோயாளியின் பெயர் குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திருமணமான மகளின் பெயர் பழைய குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, கணவர் வீட்டு அட்டையில் இன்னும் சேராமல் இருந்தால் அவர் இரண்டு பக்கமும் இல்லாதவராகிவிடுகிறார். இதைச் சரிசெய்ய வாரங்கள் ஆகும் என்பதால், நோய் தெரிந்த உடனேயே வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குப் புறநோயாளிச் சிகிச்சையும் உண்டு என்பது பெரிய வித்தியாசம். ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், நடப்புச் சந்தா காலம் முடிந்ததும் சந்தா நின்று, பின்னர் உரிமையும் போய்விடும். சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை எனக் கணக்கிடப்படுகிறது. பரிந்துரைக் கடிதம் வாங்காமல் வெளிக் கூடத்தில் பரிசோதித்துவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்பதும் பலரை அலைய வைத்திருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதியிலும் இதே கண்ணி உண்டு: ஏற்கெனவே செலவழித்த பணத்தை அது திருப்பித் தராது, ஆகவே முதலில் விண்ணப்பிக்க வேண்டும்.

வேறு வழி இல்லாதவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் புறநோயாளிப் பிரிவில் பதிவு செய்துகொள்ளுங்கள். வேறிடத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் முழு ஆவணங்களையும் அங்கே கேட்பார்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மருத்துவமனை 3 ஆண்டுகள் வரை வைத்திருந்தால் போதும் என்பதால் தாமதிக்காமல் கேட்டு வாங்குங்கள். தானம் தந்தவரோடு திசுப் பொருத்தம் பார்த்த எச்.எல்.ஏ. அறிக்கையும், தொடக்க கிரியேட்டினின் அளவும் இல்லாமல் புதிய மருத்துவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்த பின்பே போட வேண்டும். வரிசை நகரவில்லை என்று நடுவில் விழுங்கிவிட்டால் அந்த அறிக்கை பயன்படாது, செலவும் வீண். ஒவ்வொரு முறையும் ஒரே கூடத்தில் பாருங்கள், ஏனெனில் அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

அரசு மருத்துவமனையில் "ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்) இல்லை, பிறகு வாருங்கள்" என்று தொடர்ந்து திருப்பி அனுப்பினால், இருப்பு எவ்வளவு, கொள்முதல் எப்போது என்று 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். வழக்கமான பதிலுக்கு 30 நாட்கள். உயிர் தொடர்பான கேள்வி என்றால் 48 மணி நேரம். அதனால் இது உயிர் தொடர்பானது என்பதையும், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற நாளையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைத்து, மனு பெறப்பட்ட நேரத்தோடு ஒப்புகை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.