வண்டி திருடு போனால்: எஃப்.ஐ.ஆர். முதல் இன்சூரன்ஸ் பணம் வரை

வண்டி காணோம் என்றதும் முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள். அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான ‘தேர்ட் பார்ட்டி’ மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்த வண்டிக்கான ‘ஓன் டேமேஜ்’ சேர்ந்திருந்தால்தான் வரும். அதுவும் வாங்கிய விலை அல்ல, பாலிசியில் ஐ.டி.வி. என்று போட்டிருக்கும் தொகை, அதாவது தேய்மானம் கழித்த வண்டி மதிப்பு. ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு வருடம் வரையிலான வண்டிக்கு விலையில் 20 சதவீதம் கழியும், நான்கு வருடம் தாண்டி ஐந்து வருடம் வரை என்றால் 50 சதவீதம்.

பொய் சொல்லிப் பணம் வாங்க வசதியான கிளெய்ம் இது. வண்டியைப் பிரித்து உதிரி பாகமாக விற்றுவிட்டு ‘திருடு போச்சு’ என்று புகார் கொடுப்பவர்கள் உண்டு. அதனால் போலீஸும் இன்சூரன்ஸ் கம்பெனியும் எல்லோரையும் ஒரே சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். கேட்கிற பேப்பர் ஒவ்வொன்றும் அந்தச் சந்தேகத்திலிருந்து வருவதே.

புகார் கொடுத்ததும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது. ‘ரெண்டு நாள் தேடிப் பாருங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்ற பேச்சும் கூடவே வரும். கிளெய்முக்கு சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவை இங்கே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், ‘எங்க எல்லையில் நடக்கலை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஒரு சின்ன சிக்கல் உண்டு. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த அதே பிரிவு இடம் தருகிறது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் என்பதால் அதுவும் இதற்குள் வருகிறது. அதனால் தாமதம் ஆனால் ‘டி.எஸ்.பி. அனுமதி வாங்கியிருக்கிறீர்களா’ என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கம்பெனிக்கு அன்றைக்கே போனிலோ மெயிலிலோ சொல்லிவிடுங்கள். சொல்லத் தாமதமானது என்று மறுப்பது வெகுகாலமாக நடந்தது. ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொன்னது: போலீஸில் உடனே புகார் கொடுத்து, விசாரணையில் திருட்டு உண்மை என்று தெரிந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. போலீஸில் தாமதித்தவருக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

அப்புறம் சாவி. கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ‘இன்னொன்று யாரிடம்?’ என்ற கேள்வி வரும். சாவி முன்பே தொலைந்திருந்தால் அப்போதே போலீஸில் செய்த ஏதாவது ஒரு பதிவோ, மாற்றுச் சாவி வாங்கிய பில்லோ இருப்பது நல்லது. வண்டியிலேயே சாவியை விட்டிருந்தால் கவனக்குறைவு என்பார்கள். அப்படியும் முழுதாகக் கைவிரிக்க முடியாது. அப்படி ஒரு வழக்கில் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் ‘வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று போலீஸ் தரும் நான்-டிரேசபிள் சர்டிஃபிகேட்தான் கிளெய்மின் கடைசிப் படி. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்கு 90 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதைச் சொல்லியே கேட்கலாம். பணம் வாங்கும்போது ஆர்.சி.யோடு உரிமை மாற்றப் படிவங்களிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பின்னால் வண்டி கிடைத்தால் அது கம்பெனியுடையது. கம்பெனி மறுத்தால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

பணம் வாங்குவதற்கு முன்பே வண்டி கிடைத்துவிட்டதா? ஸ்டேஷன் வாசலில் மழையில் துருப்பிடிக்க விட வேண்டாம். பறிமுதல் வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டுவைக்கக் கூடாது, போட்டோ எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட வேண்டும்.

திருட்டும் இன்சூரன்ஸ் மோசடியும் கைகோத்துக்கொள்ளும் இடம், சரிசெய்து பயனில்லை என்று கழித்த ‘டோட்டல் லாஸ்’ வண்டி. விபத்தில் நொறுங்கியதை ஆர்.சி.யோடு வாங்கி, அதே மாடலில் ஒன்றைத் திருடி, அதன் அடிச்சட்டத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணைத் தேய்த்து, நொறுங்கிய வண்டியின் எண்ணைப் பொறித்துவிடுவார்கள். தடயவியல் ஆய்வில் அந்த இடத்தில் ரசாயனம் தடவினால், அழித்த எண் பல நேரம் மங்கலாக மேலே வந்துவிடும். உங்கள் வண்டி சரிசெய்ய முடியாமல் நொறுங்கியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்யச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. பழைய இரும்புக் கடைக்காரர் ‘ஆர்.சி.யும் சேர்த்துக் கொடுங்க, கூட போட்டுத் தர்றேன்’ என்றால் எதற்குக் கேட்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.