குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்று, நேரம் மட்டும் ஏன் வேறு?

ஹோண்டா சிஆர்-வி, மஸ்டா சிஎக்ஸ்-5 இரண்டும் நேருக்கு நேர் மோதும் காம்பாக்ட் கிராஸ்ஓவர் கார்கள். அமெரிக்கச் சந்தையில் 2018-ல் விற்ற மாடல்களை எடுத்துக்கொள்வோம். சிஆர்-வியின் பெரும்பாலான வகைகளில் 1.5 லிட்டர் டர்போ (காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும்) என்ஜின், 190 குதிரைத்திறன், 243 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை. சிஎக்ஸ்-5-ல் டர்போ இல்லாத 2.5 லிட்டர் என்ஜின், 187 குதிரைத்திறன், 252 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் சரிக்குச் சமம். ஆனால் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டுவதில் ஹோண்டா அரை வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை முந்திவிடும். வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் மஸ்டாதான் துடிப்பான கார் என்பார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து சிஆர்-வியின் எடை சுமார் 1,630 கிலோ. அது 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 630 கிலோஜூல். 190 குதிரைத்திறன் என்பது 142 கிலோவாட், அதாவது வினாடிக்கு 142 கிலோஜூல். வகுத்தால் நாலரை வினாடிகூட வராது. நிஜத்தில் எட்டு வினாடியை ஒட்டி ஆகிறது. மீதி நேரம் எங்கே போனது?

காற்றைக் குறை சொல்ல முடியாது. இந்த அளவுள்ள காருக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்கத் தேவைப்படுவது சுமார் 11 கிலோவாட்தான். அதற்குக் கீழே இன்னும் குறைவு. கியர்பாக்ஸில் உரசலாகக் கொஞ்சம் போகிறது, சக்கரங்களையும் என்ஜினின் உறுப்புகளையும் சுழற்றிவிடவே கொஞ்சம் செலவாகிறது. பெரிய திருடன் வேறு. விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் ஒரே ஒரு சுழல்வேகத்தில் மட்டும் கிடைக்கும் உச்சம். ஓட்டத்தின் பெரும்பகுதியில் என்ஜின் அந்த உச்சத்தில் இருப்பதே இல்லை.

மஸ்டாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கை இங்கே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முதல் கியரின் விகிதம் 3.55, அதாவது கியர்பாக்ஸின் மறுமுனை ஒரு சுற்று சுற்ற என்ஜின் 3.55 சுற்று சுற்றும்; இரண்டாவதன் விகிதம் 2.02. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, முதல் கியரில் 6,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) வரை போய், இரண்டாவதுக்கு மாறினால் என்ஜின் சட்டென்று 3,400-க்கு இறங்கும். திறன் என்பது டார்க்கையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. 3,400 ஆர்பிஎம்மில் உச்ச டார்க்கான 252 முழுசாகக் கிடைத்தாலும் 120 குதிரைத்திறனைத் தாண்ட வழியில்லை. 187-ஐ நம்பி வாங்கியவருக்கு அந்தக் கணத்தில் கையில் இருப்பது 120. மறுபடி 6,000-க்கு ஏறி மூன்றாவதுக்கு மாறினால் 4,300-க்கு இறங்கும். அங்கே சுமார் 150. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இப்படி ஒரு பள்ளம்.

ஹோண்டாவில் இருப்பது சிவிடி, அதாவது தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஓடும் எஃகு பெல்ட், கப்பிகள் விரிந்து சுருங்குவதற்கேற்ப விகிதத்தைப் படியில்லாமல் மாற்றுகிறது. அதனால் என்ஜினை உச்சத் திறனுக்குப் பக்கத்திலேயே பிடித்துவைத்து, காரின் வேகத்தை மட்டும் ஏற்ற முடிகிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க எண்ணெய் அழுத்தம் தேவை. அதில் பற்சக்கரங்களைவிட இழப்பு அதிகம். அப்படியும் லாபக் கணக்குதான். கூடவே மஸ்டா சுமார் 100 கிலோ கனம். அதே ஆற்றல் கணக்கில் அந்த எடைக்கு மட்டும் கால் வினாடிக்கு மேல் போய்விடும்.

சரி, அப்படியென்றால் மஸ்டா ஏன் துடிப்பாகத் தெரிகிறது? நம் உடம்பு வேகத்தை உணர்வதில்லை, முடுக்கத்தை உணர்கிறது. அந்த முடுக்கம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதை இன்னும் நன்றாக உணர்கிறது. மஸ்டாவில் மிதித்ததும் காற்று உள்ளே பாய்கிறது, டார்க் உடனே வந்துவிடுகிறது. டர்போ என்ஜினிலோ புகைவாயு டர்பைனைச் சுழற்றி, அது காற்றை அமுக்கி அனுப்பும்வரை ஒரு தயக்கம் உண்டு. சிவிடி தன் பங்குக்கு முதலில் என்ஜினை உறுமவைத்துவிட்டு, காரைப் பிறகுதான் இழுக்கிறது. சத்தமும் இழுவையும் ஒட்டாமல் போவதுதான் ஓட்டுநருக்கு எரிச்சல். இதைச் சமாளிக்கத்தான் பல கம்பெனிகள் சிவிடியில் பொய்யான கியர் படிகளைப் புகுத்துகின்றன. இயற்பியல் கொடுத்த ஆதாயத்தில் கொஞ்சத்தை நம் காதுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். எனக்கு இது அவ்வளவு புத்திசாலித்தனமாகப் படவில்லை.

இந்தத் தயக்கம் சோதனை எண்ணில் தெரியாது. அளப்பவர்கள் ஒரு காலால் பிரேக்கைப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை மிதித்து, டர்போவில் அழுத்தம் ஏறிய பிறகே காரை விடுகிறார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு: கார் சுமார் 30 செ.மீ. நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதிலேயே கால் வினாடிக்கு மேல் குறைந்துவிடும். அவர்களுடைய இலக்கும் மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கி.மீ.; 100-ஐத் தொட அதைவிட 7 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஆக, ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் தப்பாகத்தான் வரும்.

நாலு சக்கரமும் இழுக்கும் ஆல்-வீல் டிரைவ் இருந்தால் வேகம் கூடுமா? இந்தத் திறனுள்ள கார்களுக்கு உலர்ந்த சாலையில் பெரிதாக இல்லை. சராசரி முடுக்கம் புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதை முன்சக்கரங்களே சமாளித்துவிடும். ஈரச் சாலையில் கதை மாறும். பிடிப்பு பாதியாகக் குறைந்து, எடை பின்னால் சாய்ந்து, முன்சக்கரங்கள் வெறுமனே சுற்றத் தொடங்கும்போதுதான் நாலு சக்கர இழுவைக்கு வேலை.

மலை ஏறினால் ஹோண்டாவின் கை இன்னும் ஓங்கும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், மஸ்டாவின் திறனும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். டர்போ கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். சமவெளி நகரத்தில் நாள் முழுக்க நின்று நின்று ஓட்டுபவருக்கு இதெல்லாம் அநாவசியம். அவர் டெஸ்ட் டிரைவில் 40-ல் நிதானமாகப் போய்க்கொண்டே திடீரென்று மிதித்துப் பார்ப்பது நல்லது. இரண்டு காருக்கும் அங்கேதான் வித்தியாசம் அதிகமாகத் தெரியும், அதுவும் பெரும்பாலும் மஸ்டாவுக்குச் சாதகமாக.